இன்டர்நெட்டில் எத்திராஜ், ஈவினிங் காலேஜில் சாந்தகுமாரி

மர்பி டவுனில் பெண் கல்வியைப் பற்றி எத்திராஜ் அளவுக்கு உரக்கப் பேசியவர்கள் கிடையாது. ஏப்ரல் மாதம் அம்பேத்கர் ஜெயந்திக்குத் தெருமுனையில் பந்தல் போட்டால், இனிப்பு கொடுப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் மைக் அவன் கையில் இருக்கும். "நம்ம பொம்பளைங்க அடுப்படிய வுட்டு வெளிய வரணும்" என்பான். அடுப்பை அணைத்துவிட்டு அரக்கப் பரக்க ஓடி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அவன் மனைவி சாந்தகுமாரிதான் முதலில் கை தட்டுவாள்.

அந்தக் கைதட்டலைப் பாராட்டு என்றே எத்திராஜ் வருஷக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தான். அவள் அதை வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

2006-ஆம் வருஷம், ஜூன் மாதக் கடைசி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, நான் காலேஜு சேர்றேன். ஈவினிங் காலேஜு. பி.காம்."

"எந்த ஈவினிங்?"

"தெனமும் வருதே, அந்த ஈவினிங்தான். ஆறுல இருந்து ஒம்பது."

எத்திராஜ் நிமிர்ந்து பார்த்தான். எதிரே சுவரில் நீலக் கோட்டும் கண்ணாடியுமாக அம்பேத்கர் படம். கையில் புத்தகம் வேறு. அந்தப் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து, படிக்கப் போகாதே என்று சொல்ல எந்த மர்பி டவுன்காரனுக்கும் வாய் வராது.

"படிக்கணும். கண்டிப்பா படிக்கணும்" என்றான். பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தான்.

சாந்தகுமாரிக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில்லிங் கவுண்டரில் வேலை. காலை எட்டுக்குப் போனால் நாலரைக்கு வருவாள். அவள் பி.யு.சி., அதாவது பிளஸ் டூ வரைதான். கவுண்டருக்கு மேலே போக டிகிரி கேட்டார்கள். எத்திராஜும் பி.யு.சி.தான். பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் இருந்தான். முதல் ஷிஃப்ட். நாலு மணிக்கெல்லாம் வீடு. டீ குடித்துவிட்டு முகம் கழுவி, தெருச் சங்கத்தில் கேரம் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் ஒன்பது மணிக்குச் சாப்பிட வருவான். ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இருந்ததில்லை.

அன்று சாயங்காலம் சங்கத்தில் அவன் அடித்த சிவப்புக் காய் குழியைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது. கூட ஆடும் உத்தமன் விஷயத்தைக் கேட்டுக்கொண்டான்.

"வேணாம்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"எப்படிடா சொல்றது? ஏப்ரல்ல நான் பேசினத வீடியோ எடுத்து வெச்சிருக்கானுங்க."

உத்தமன் பவுடரைப் பலகையில் தடவினான். "எங்க அக்கா பையன் எலெக்ட்ரானிக் சிட்டியில கீறான். பி.ஜி. ஹாஸ்டல் ரூம்ல உக்காந்துக்கினே டிகிரி படிக்கிறான். இன்டர்நெட்டுல. வூட்ட வுட்டு வெளியவே போவ வேணாம்."

"வெளியவே போவ வேணாமா?" என்றான் எத்திராஜ். அடுத்த அடியில் சிவப்பு விழுந்தது.

வீட்டுக்கு வரும்போது அவன் மனதில் பேச்சு தயாராக இருந்தது. பெண் படிக்கவும் வேண்டும், ஆறு மணிக்கு வீட்டில் இருக்கவும் வேண்டும். விஞ்ஞானம் இப்படி ஒரு வழி வைத்திருக்கிறதே என்று விஞ்ஞானத்தின் மேல் அவனுக்குத் திடீரென்று மரியாதை வந்திருந்தது.

"சாந்தா, ஈவினிங் காலேஜெல்லாம் பழைய காலம். இப்ப ஆன்லைன். பஸ் கிடையாது. மழை கிடையாது. அட்டெண்டன்ஸ் கிடையாது. நைட்டியோட உக்காந்து பி.காம் படிக்கலாம்."

"வாத்தியாரு?"

"கம்ப்யூட்டருக்குள்ள கீறாரு."

"சந்தேகம் வந்தா?"

"மெயில் போட்டா பதில் வரும்."

"எப்ப?"

"வரும்."

"படிக்கிறப்ப சஞ்சய் வந்து மடியில உக்காந்தா?"

"உக்காரட்டுமே. மடியில புள்ளைய வெச்சிக்கினு படிக்க எந்தக் காலேஜுல வுடுவான்? வேலைக்கும் போயி, புள்ளைங்களையும் பாக்கற தாய்மாருங்களுக்குன்னே கண்டுபிடிச்சது இது."

சாந்தகுமாரி புடவையை மடித்துக்கொண்டே யோசித்தாள்.

"கேக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா எனக்குக் கம்ப்யூட்டருன்னா பில்லு போடறதோட சரி. நீங்க விஷயம் தெரிஞ்சவரு."

கல்யாணமாகி பதினோரு வருஷத்தில் அவள் இப்படிச் சொன்னதில்லை. அவன் அப்போதே உஷாராகி இருக்க வேண்டும். அவனோ குளிர்ந்து போனான்.

"ஒண்ணு பண்ணலாமா?" என்றாள். "உங்களுக்கும் டிகிரி இருந்தா ஆபீஸ்ல நல்லதுதானே. நீங்க அந்த ஆன்லைன்ல ஒரு மூணு மாசம் படிச்சிப் பாருங்க. நான் ஈவினிங் காலேஜுல ஒரு மூணு மாசம் போய்ப் பாக்கறேன். அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து எது நல்லதுன்னு பேசுவோம். எது ஜெயிக்குதோ அதுதான்."

நியாயமான பேச்சு. தராசு மாதிரி நேராக நின்றது. எத்திராஜ் ஒத்துக்கொண்டான். மூன்று மாதம் கழித்து ஆன்லைனை ஜெயிக்கவைப்பது தன் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டான்.

அல்சூர் மார்க்கெட் பக்கம் பிரௌசிங் சென்டர் வைத்திருந்த டெஸ்மண்ட் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்தான். குண்டு டி.வி. மாதிரி இருந்த அதை வைக்க வீட்டில் ஒரே ஒரு இடம்தான் அகப்பட்டது. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் கதவில்லாத நிலைக்குப் பக்கத்தில் தையல் மெஷின் மேல். டெலிபோன் ஒயரை இழுத்து மோடத்தில் சொருகினார்கள். மோட என்றால் உள்ளூர்க் கன்னடத்தில் மேகம். அந்த மோடமும் அப்படித்தான் நடந்துகொண்டது. வானம் இருட்டினால் தானும் இருண்டுவிடும்.

வடக்கே எங்கோ இருந்த ஒரு யுனிவர்சிட்டியில் எத்திராஜ் சேர்ந்தான். ஜூலை மாதம் முதல் திங்கட்கிழமை, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, சாந்தகுமாரி கஞ்சி போட்ட காட்டன் புடவையில் தோளில் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"குக்கர்ல பருப்பு வெச்சிருக்கேன். மூணு விசில். தீபிகாவுக்கு நாளைக்குக் கணக்கு டெஸ்ட். சஞ்சய்க்குக் கதை சொன்னாத்தான் வாய்க்குள்ள சோறு போவும். தண்ணி வந்தா ரெண்டு டிரம்மும் ரொப்பிடுங்க. நீங்க படிங்க. நான் வந்துடறேன்."

"நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றான் எத்திராஜ், பெரிய மனதோடு. கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, புது நோட்டில் முதல் பக்கத்தில் தன் பெயரை எழுதினான்.

அன்று அதற்கு மேல் எழுதவில்லை.

கணக்கியல் என்றால் என்ன என்று படிக்க ஆரம்பிக்கும்போது முதல் விசில் வந்தது. இரண்டாவது விசிலில் சஞ்சய் பென்சிலைக் காணோம் என்றான். மூன்றாவது விசில் வந்ததா, அது பக்கத்து வீட்டு விசிலா என்று தெரியவில்லை. தண்ணீர் வந்தது. தீபிகா பின்னக் கணக்குக்கு அர்த்தம் கேட்டாள். அதை விளக்கி முடிப்பதற்குள் டிரம் வழிந்து, தண்ணீர் பக்கத்து வீட்டு வாசல்வரை போனது. பக்கத்து வீட்டு மௌரீன் ஆன்ட்டி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்னா மேன், வூட்டுக்குள்ள லேக் கட்டிக்கினியா?"

"படிச்சிக்கினு இருந்தேன் ஆன்ட்டி."

"படி, படி. நாளைக்கு என் டாட்டருக்கு ஒரு மெயில் போட்டுத் தா. பெர்த்ல இருக்கா, தெரியும் இல்ல?"

தெரியாமல் என்ன. அன்றிலிருந்து மௌரீன் தினமும் வந்தார். கடல் தாண்டி பெர்த்தில் இருந்த மகளுக்கு எத்திராஜின் கையால் போன கடிதங்களில் பாதியைச் சேர்த்திருந்தால் ஒரு செமஸ்டர் முடிந்திருக்கும்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த எத்திராஜின் கை அப்படியே நின்றது. ஆறு மணிக்கு வீட்டில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதானே ஆன்லைனைப் பிடித்தோம்? இப்போது ஆறு மணிக்கு வீட்டில் இருப்பது யார்? சங்கத்தில் தன் இடத்தில் உட்கார்ந்து ஆடுவது யார்? உத்தமனின் மச்சான் ஆடுகிறான் என்று கேள்வி.

சரி, மூன்று மாதம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டான். பரீட்சை என்று ஒன்று வைத்துவிட்டோம், நேர்மையாக நடத்துவோம் என்று நினைத்தான். அவனிடம் அந்தக் குணம் உண்டு.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை 'நேரடி வகுப்பு' வந்தது. வாத்தியார் வடக்கே உட்கார்ந்து டைப் அடிப்பார். இங்கே இருப்பவர்கள் கேள்வியை டைப் அடிக்க வேண்டும். நாடு முழுவதும் மாணவர்கள். எத்திராஜ் தேய்மானம் பற்றி ஒரு கேள்வி தயார் செய்து வைத்திருந்தான். ஆனால் அதே நேரத்தில் அடுப்பில் குழம்பும் இருந்தது. தீபிகாவை நாற்காலியில் உட்காரவைத்தான்.

"நான் உள்ள இருந்து சொல்றேன். சொல்றத அப்படியே இங்கிலீஷ்ல டைப் பண்ணு."

தீபிகா அப்பா சொல்லைத் தட்டாத பெண். இங்கிலீஷ் என்றதை இங்கிலீஷ் எழுத்து என்று எடுத்துக்கொண்டாள். எத்திராஜ் அடுப்படியிலிருந்து, "ஐயா, மெஷினுக்குத் தேய்மானம் எந்த வருஷத்துல இருந்து போடணும்" என்று ஆரம்பித்தான். அடித்தாள். "ஐயையோ, அடி புடிச்சிருச்சு, கொஞ்சம் இரு" என்றான். அதையும் அடித்தாள். "சஞ்சய், அந்தக் கரண்டிய மூக்குல வெக்காத" என்றான். அதையும் அடித்து, அனுப்பியும் விட்டாள்.

அந்த வாத்தியாருக்குத் தமிழ் தெரியாது. நல்ல கேள்வி என்றும், அதை நான்காம் பாடத்தில் விரிவாகப் பார்ப்போம் என்றும் பதில் வந்தது.

ஒன்பதரைக்கு சாந்தகுமாரி வந்ததும் பிள்ளைகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு அடிபிடித்த பாத்திரத்தைப் பேசாமல் எடுத்து ஊறவைத்தாள். எத்திராஜ் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. அன்று அவனுக்கு வேறு ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனியில் ஒரு ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து இங்கே இன்னொரு ஷிஃப்ட் பார்க்கிறோம், மூச்சு வாங்குகிறது. தீபிகா பிறந்த நாளிலிருந்து இந்த இரண்டாவது ஷிஃப்டை ஒருத்தி பார்த்திருக்கிறாளே, அவள் ஒரு நாளாவது ஓவர்டைம் என்று பேசியிருக்கிறாளா?

இதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தான். "தண்ணி கொஞ்சம் குடு" என்றுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளுக்கு எதிரில் போய் உட்கார்ந்தான். அவனும் ஒரு கீரைக்கட்டை எடுத்துக்கொண்டான். அந்த இரண்டு மாதத்தில் கீரை ஆய அவனுக்கு வந்திருந்தது.

"நிஜமா சொல்லு சாந்தா. அந்தக் காலேஜுல அப்படி இன்னா கீது?"

"பெஞ்ச் கீது."

"வெளையாடாத."

"நிஜமாத்தான் சொல்றேன். பெஞ்ச். பக்கத்துல வீணான்னு ஒருத்தி. கார்மெண்ட்ஸ்ல வேலை, ரெண்டு புள்ள. பாடம் நடக்கறப்ப அவளுக்கும் தூக்கம் வரும், எனக்கும் வரும். ஒருத்திய ஒருத்தி கிள்ளிக்குவோம். ஃபேன் ஓடாது. பாதி நாளு வாத்தியாரே வரமாட்டாரு. அதெல்லாம் உங்க ஆன்லைன்ல கிடையாது, ஒத்துக்கறேன். பஸ்ஸுல வேற நின்னுக்கினே வரணும்."

"அப்புறம்?"

அவள் ஆய்ந்த கீரையைத் தட்டில் ஒதுக்கினாள்.

"அங்க ஒம்பது மணி வரைக்கும் யாரும் என்னை எதையும் எடுத்துக் குடுன்னு கேக்கறதில்லைங்க. அங்க கேக்கறவ நானு. புரியலன்னா கை தூக்கிக் கேக்கறேன். சார் முழுப் பேரு சொல்லிக் கூப்பிடறாரு. வூட்ல அம்மா, கவுண்டர்ல மேடம், நீங்க சாந்தா. சாந்தகுமாரின்னு ஒருத்தி இருக்கான்னு எனக்கே மறந்து போயிருந்துச்சு."

எத்திராஜ் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தான்.

"ஆன்லைன் தப்புன்னு நான் சொல்லல" என்றாள். "உத்தமண்ணன் அக்கா பையன் மாதிரி தனியா ரூம்ல கீறவங்களுக்கு அதுதான் சரி. நம்ம மாதிரி புள்ளக்குட்டிக்காரங்களுக்கு கம்ப்யூட்டரு மட்டும் பத்தாது. சாத்திக்கிற மாதிரி ஒரு ரூம் வேணும். நம்ம வூட்ல உள்ளாற சாத்திக்கினு உக்காரணும்னா பாத்ரூம்தான்."

அவள் எழுந்து உள்ளே போன பிறகுதான் எத்திராஜுக்குத் தான் நிற்கும் இடம் முழுசாகத் தெரிந்தது. செப்டம்பர் கடைசியில் தீர்ப்பு சொல்ல வேண்டும். ஆன்லைன் நன்றாக இருக்கிறது என்று சொன்னால், அப்போ நீங்க அதையே படிங்க என்பாள். நன்றாக இல்லை என்று சொன்னால், அப்போ என்னை எதுக்கு அதுல சேரச் சொன்னீங்க என்பாள். முன்னால் போனாலும் பின்னால் போனாலும் ஆறு மணிக்கு அவள் வெளியே, அவன் உள்ளே. நானும் ஈவினிங் காலேஜுக்கு வரேன் என்று சொல்லிப் பார்க்கலாமா என்றும் ஒரு தடவை யோசித்தான். பிள்ளைகளை யார் பார்ப்பது என்று தானே தன்னைக் கேட்டுக்கொண்டான். கேட்ட பிறகு அவனுக்கே வெட்கமாகப் போய்விட்டது. பதினோரு வருஷத்தில் அந்தக் கேள்வி அவனுக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

செப்டம்பரில் ஒரு சாயங்காலம் பேய் மழை. கரண்ட் போய், மோடம் கண்ணை மூடிக்கொண்டது. சாந்தகுமாரி குடை எடுத்துக்கொண்டு போகவில்லை. பிள்ளைகளை மௌரீன் ஆன்ட்டியிடம் விட்டுவிட்டு, இரண்டு குடைகளோடு எத்திராஜ் ஆட்டோ பிடித்தான்.

காலேஜ் பழைய கட்டடம். காலையில் அங்கே இன்னொரு காலேஜ் நடக்கும். வராந்தாவில் நடந்து விளக்கு எரிந்த வகுப்புக்கு வெளியே ஜன்னலோரமாக நின்றான். உள்ளே எல்லாரும் வேலை முடித்து வந்த முகங்கள். ஒரு கண்டக்டர் காக்கியோடேயே உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பெஞ்சில் சாந்தகுமாரி. கை தூக்கியிருந்தாள். வாத்தியார் அவளைப் பார்த்துத் தலையசைத்ததும் எழுந்து நின்று ஏதோ கேட்டாள். மழைச் சத்தத்தில் கேள்வி அவனுக்குக் கேட்கவில்லை. அவர் சாக்பீஸை எடுத்து, போர்டில் எழுதியிருந்த ஒன்றை அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதினார். அவள் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவள் ஏதோ சொன்னதற்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இந்தச் சிரிப்பை எத்திராஜ் பார்த்திருக்கிறான். கல்யாணத்துக்கு முன்னால், ஜோகுபாளையத்தில் அவள் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தபோது, உள்ளறையிலிருந்து தங்கையோடு எட்டிப் பார்த்துச் சிரித்தவள் இவள்தான். நடுவில் இவ்வளவு வருஷம் அந்தச் சிரிப்பு எங்கே போயிருந்தது என்று கேட்டால் அவனால் பதில் சொல்ல முடியாது. குடையிலிருந்து தண்ணீர் அவன் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் நகரவில்லை.

அங்கேயே முடிவு செய்தான். தீர்ப்பு நாள் வரை காத்திருக்க வேண்டாம். தோற்றுப்போய் விட்டுக்கொடுப்பதைவிடத் தானாகவே கொடுத்துவிட வேண்டும். பந்தலில் மைக்கில் பேசியதை, மைக் இல்லாமல், ஒருத்தியிடம் மட்டும் சொல்லிவிட வேண்டும். அப்படி நினைத்தவுடன் மனது லேசானது. தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வகுப்பு விட்டு வெளியே வந்தவள் அவனைப் பார்த்துத் திகைத்தாள்.

"புள்ளைங்க?"

"ஆன்ட்டிகிட்ட. சாப்டாச்சி. சஞ்சய்க்குக் கதையும் சொல்லியாச்சி." குடையை நீட்டினான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான். "சாந்தகுமாரி."

முழுப் பெயர். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணு மாசம் கணக்கெல்லாம் வேணாம். நீ இங்கயே படி. மூணு வருஷமும் படி. சாயங்காலம் புள்ளைங்கள, வூட்ட, எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன். என் படிப்பு முடியறப்ப முடியட்டும். இது யாரும் சொல்லி நான் சொல்லல. நானா எடுத்த முடிவு."

சாந்தகுமாரி குடையை வாங்கிக்கொண்டாள். கண் லேசாகக் கலங்கியது போலத்தான் இருந்தது. "சரிங்க" என்றாள்.

அந்த நேரம் பார்த்து வாத்தியார் கஸ்தூரிரங்கன் கையில் பையோடு வெளியே வந்தார். வயதானவர், நெற்றியில் மெல்லிய கோடு, சட்டையெல்லாம் சாக்பீஸ் பொடி. எத்திராஜைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நீங்கதானா சாந்தகுமாரியோட வீட்டுக்காரர்? உங்களப் பாக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிண்டிருந்தேன். இங்க படிக்கிற பொம்மனாட்டிகள்ல பாதிப் பேர் ஒரு மாசத்துல நின்னுடறா. வீட்டுல ஆள் இல்ல. அதனால அட்மிஷனுக்கு வந்தா மொதல்ல அதத்தான் கேப்பேன். மே மாசம் இவங்க வந்தப்பவும் கேட்டேன், சாயங்காலம் குழந்தைகள யாரும்மா பாத்துப்பான்னு. எங்க வீட்டுக்காரர் சார்னு சொன்னாங்க."

"மே மாசமா?" என்றான் எத்திராஜ்.

"ஆமா. நான் விடல. அவர் ஒத்துண்டாரான்னு கேட்டேன்." கஸ்தூரிரங்கன் சிரித்துக்கொண்டே எத்திராஜின் தோளில் தட்டினார். "'ஒத்துக்கிட்டார் சார், அவருக்குத்தான் இன்னும் தெரியாது'ன்னாங்க."